இரயில் விபத்தும் மனிதத் தவறும்



இரயில் விபத்து நேர்ந்தால், "ஆள் செய்த தவறு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்த ஆள் ஏன் தவறினார் என்று கேட்பவர் சிலரே. இலண்டன் மாநகரில் கிளாப்பம் சந்திப்புக்கு அருகே 1988ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் நிகழ்ந்ததைக் கேளுங்கள்.

காலை எட்டு மணி கடந்த வேளை. வேலைக்குச் செல்வோர் நிறைந்த வண்டியின் ஓட்டுநர், தாம் நெருங்கிய சமிக்ஞை விளக்கு திடீரெனச் சிவப்பாக மாறக் கண்டார். விதிப்படி அடுத்த விளக்கருகே வண்டியை நிறுத்தித் தொலைபேசியில் தகவல் கூறினார். தடத்தில் வண்டி நின்றால் அதன் பின்னுள்ள விளக்கு தானாகவே சிவப்பாக நிற்க வேண்டும். அன்று நிற்கவில்லை. பின்னால் வந்த வண்டி மோதிற்று. எதிர்த்தடத்தில் வந்த காலி வண்டியும் அதில் சிக்கிற்று. 35 உயிர்கள் மாண்டன.

இத்தனைக்கும் காரணம் ஒரு மின்கம்பி. இரு வாரங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, சமிக்ஞைக் கருவிகள் உள்ள அறையில் கம்பிகளை மாற்றிய தொழிலாளி, பழைய கம்பி ஒன்றின் ஒரு முனையை மட்டும் கழற்றி ஒதுக்கி வைத்தார். அதை வெட்டவுமில்லை, முனையில் காப்பு நாடா சுற்றவுமில்லை. மறுமுனையிலோ மின்சாரம் இருந்தது. விபத்துக்கு முந்திய நாள் பக்கத்தில் வேறு வேலை நடந்தபோது அக்கம்பி அசைந்து, பழைய இடத்தையே தொட்டது.

அந்தோணி ஹிட்டன் தலைமையில் நடந்த விசாரணை அத்தொழிலாளியோடு நின்றுவிடவில்லை. 13 வாரங்களில் அவர் ஒரே ஒரு நாள்தான் ஓய்வெடுத்திருந்தார். கம்பியை வெட்டாமல் ஒதுக்கும் பழக்கம் அவருக்குப் பல ஆண்டுகளாக இருந்தது, ஒருவரும் திருத்தவில்லை. வேலை முடிந்தபின் கம்பிகளை எண்ணிப் பார்த்திருந்தால் உண்மை வெளிப்பட்டிருக்கும். எண்ணுவாரில்லை. மேற்பார்வையாளரும் தாமே வேறு வேலையில் மூழ்கியிருந்தார்.

களைத்த கையின் இயல்பைப் பால்வெட்டுவோருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசி நிரையில் கத்தி சற்று ஆழ்ந்தால் மரம் காயப்படும். அக்காயம் அங்கேயே கண்ணுக்குத் தெரியும். கம்பியின் காயமோ இரு வாரம் மறைந்திருந்தது.

மிகை நேர ஊதியம் குடும்பத்துக்குத் தேவையானதே. அதை நாடியவரைப் பழிப்பது எனக்கு உடன்பாடன்று. ஓய்வின்றி வேலை வாங்கிய ஏற்பாட்டையே கேள்வி கேட்க வேண்டும். விசாரணைக்குப் பின் பிரிட்டிஷ் இரயில்வேயில் வரம்பு வந்தது: ஒரு முறைக்கு 12 மணி, வாரத்துக்கு 72 மணி, 14 நாட்களில் 13 முறை. அந்த வரம்பும் தாராளமானதே.