ரயில் முதலிலா, வீடு முதலிலா?



புதிய நகர் ஒன்று எழப்போகிறது என்ற செய்தி வந்தவுடன் மக்கள் கேட்கும் முதல் கேள்வி, வீடு என்ன விலை? இரண்டாவது கேள்வி, எம்ஆர்டி பக்கத்தில் இருக்கிறதா? மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அது பெரும்பாலும் சாவி கைக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வரும். அந்த எம்ஆர்டி எப்போது திறக்கும்? இன்றைய பேச்சு அந்த ‘எப்போது’ பற்றியது.

சிங்கப்பூரில் பெரிய கட்டுமானத் திட்டத்துக்கு அனுமதி கேட்கும் மேம்பாட்டாளர், போக்குவரத்துத் தாக்க மதிப்பீடு என்ற அறிக்கையை நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கொடுக்க வேண்டியிருக்கும். பெயர்தான் கனமே தவிர, வேலை புரியாத ஒன்றல்ல. சுற்றியுள்ள சாலைச் சந்திப்புகளில் காலை, மாலை உச்ச நேரத்தில் ஓடும் வாகனங்களை எண்ணுவார்கள். வரப்போகும் கட்டடத்தைப் போன்ற வேறொன்றில் மணிக்கு எத்தனை பேர் வந்துபோகிறார்கள் என்று பார்த்து, புதிய இடத்துக்குக் கணக்குப் போடுவார்கள். அவர்களில் ரயிலுக்கு எத்தனை பேர், பேருந்துக்கு எத்தனை பேர், காரில் எத்தனை பேர், எந்தத் திசையில் போவார்கள் என்று பிரிப்பார்கள். கடைசியில், இந்தச் சந்திப்பு தாங்குமா என்பதற்கு விடை கிடைக்கும். தாங்காது என்றால் வலப்புறம் திரும்ப இன்னொரு தடம், சமிக்ஞை விளக்கின் நேரத்தில் மாற்றம், பேருந்து நிறுத்தத்தில் கூடுதல் இடம் என்று பரிகாரம் சொல்ல வேண்டும். 2016 ஜூலையிலிருந்து கடைத்தொகுதி, அலுவலகம், பள்ளி போன்றவற்றுக்கு நடந்து செல்வோருக்கும் சைக்கிளோட்டிகளுக்குமான திட்டமும் கேட்கப்படுகிறது. காரை எண்ணியவர்கள் இப்போது காலையும் எண்ணுகிறார்கள். நல்ல மாற்றம்தான்.

ஒரு கடைத்தொகுதிக்கு இந்தக் கணக்கு பொருந்தும். கட்டி முடித்தார்கள், திறந்தார்கள், கூட்டம் வந்தது. ஆனால் ஒரு நகரம் ஒரே நாளில் திறப்பதில்லையே! பத்து ஆண்டு, இருபது ஆண்டு என்று புளோக் புளோக்காக எழுகிறது. முடிந்த நாளின் கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், நடுவில் வாழ்கிறவர்களுக்கு அது உதவாது.

இதற்குப் பொங்கோலையும் செங்காங்கையும் விட நல்ல பாடம் தீவில் வேறு இல்லை. 1996இல் அன்றைய பிரதமர் கோ சோக் டோங் ‘பொங்கோல் 21’ திட்டத்தை அறிவித்தார். மறு ஆண்டே ஆசிய நிதி நெருக்கடி. வீடு கட்டும் வேகம் குறைந்தது. ஆனால் வடக்கு-கிழக்கு ரயில் பாதையை நிறுத்தவில்லை. அன்று அதற்கு 20 கிலோமீட்டர் நீளம், 16 நிலையங்கள். தேக்காவுக்குப் போகிறவர்கள் இன்று லிட்டில் இந்தியாவில் இறங்குவதும் அந்தப் பாதையில்தான். 2003 ஜூன் 20ஆம் தேதி அது திறந்தபோது இரண்டு நிலையங்களின் கதவு மட்டும் மூடியிருந்தது. ஒன்று உட்லீ, மற்றொன்று புவாங்கோக். சுற்றுவட்டாரத்தில் போதிய ஆட்கள் இல்லை என்பது காரணம்.

கட்டி முடித்த நிலையம் வாசலில் இருக்க, ரயில் நிற்காமல் போகிறது. மக்கள் சும்மா இருப்பார்களா? 2005 ஆகஸ்ட்டில் அமைச்சர் ஒருவர் வட்டாரத்துக்கு வந்தபோது, புவாங்கோக் நிலையம் அருகே எட்டு அட்டை வெள்ளை யானைகள் நின்றன. போலிஸ் விசாரணையும் நடந்தது. அந்த யானைகள்தான் நிலையத்தைத் திறந்தனவா என்பது விவாதத்துக்குரியது. எப்படியோ, 2006 ஜனவரி 15ஆம் தேதி புவாங்கோக் திறந்தது. உட்லீ 2011 ஜூன் வரை காத்திருந்தது. பொங்கோல் எல்ஆர்டியின் மேற்கு வட்டத்தில் ரயில் ஓடத் தொடங்கியது 2014இல். அதிலுள்ள டெக் லீ நிலையம் 2024 ஆகஸ்ட்டில்தான் பயணிகளைக் கண்டது.

இதெல்லாம் பண விரயம் என்று அன்று பலர் பேசினார்கள். அவர்கள் பேசியதிலும் நியாயம் உண்டு. காலியாக ஓடும் ரயிலுக்கும் மின்சாரக் கட்டணம் கட்ட வேண்டும். ஆனால் எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

தெங்கா அந்த எதிர்ப்பக்கம். 2016இல் அறிவிக்கப்பட்ட நகர். சுமார் 700 ஹெக்டர், 42,000 வீடுகள். நகர மையத்தில் கார் ஓடாது, சாலை தரைக்கு அடியில். காகிதத்தில் பார்த்தால் இதைவிடப் பொதுப் போக்குவரத்துக்கு ஏற்ற நகர் இல்லை. அதற்கு உயிர்நாடி ஜூரோங் வட்டார ரயில் பாதை. அதன் முதல் கட்டம் 2026இல் திறக்கும் என்று 2018இல் சொல்லப்பட்டது. கொவிட் வந்தது, தேதி தள்ளிப்போனது. முதல் குடும்பங்களோ 2023இலேயே சாவி வாங்கிவிட்டன. அவர்களுக்குக் கிடைத்தது பேருந்து. பேருந்து சந்திப்பு நிலையமும் 2024இல்தான் வந்தது.

இங்கேதான் மதிப்பீட்டில் விழாத ஒரு கணக்கு இருக்கிறது. காலை 7 மணி ஷிப்ட்டுக்குப் போகும் தாதி, அதற்கு முன் பிள்ளையைப் பாலர் பள்ளியில் விட வேண்டும். பேருந்து பிடித்து, அடுத்த நகருக்குப் போய், அங்கே ரயில் ஏற வேண்டும். சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்தக் குடும்பம் கார் வாங்கினால் யார் குறை சொல்வது? வாகன உரிமைச் சான்றிதழ் பத்து ஆண்டுக்கு. இடையில் ரயில் வந்தாலும், அத்தனை பணம் போட்ட காரைக் கீழே நிறுத்திவிட்டு யார் ரயில் ஏறுவார்கள்? இத்தனை பேர் ரயிலில் போவார்கள் என்ற அனுமானம் ரயில் வரும் முன்பே ஆட்டம் காணும். சந்திப்பில் நெரிசல் கூடும். பிறகு இன்னொரு தடம் வேண்டும் என்பார்கள்.

ஆளில்லாத நிலையத்தின் செலவு கணக்குப் புத்தகத்தில் தெரியும். அதனால் அதை வெள்ளை யானை என்று கேலி செய்ய முடிகிறது. ரயிலில்லாத நகரின் செலவு மக்களின் தூக்கத்திலிருந்தும் பிள்ளைகளோடு இருக்கும் நேரத்திலிருந்தும் போகிறது. அதை எந்தப் புத்தகத்திலும் எழுதுவதில்லை. இரண்டில் ஒரு தவற்றைச் செய்தே ஆக வேண்டும் என்றால், புவாங்கோக்கின் தவறே மேல்.

எல்லா நகருக்கும் ரயிலை முன்கூட்டியே கட்ட முடியாது என்பதும் உண்மை. அப்படியானால் நடுவில் உள்ள ஆண்டுகளுக்குத் தனிக் கணக்கு வேண்டும். முதல் ஆயிரம் வீடுகளுக்குச் சாவி கொடுக்கும்போது எத்தனை நிமிடத்துக்கு ஒரு பேருந்து? ஐயாயிரம் வீடுகள் ஆகும்போது எத்தனை? ரயில் ஓர் ஆண்டு தாமதமானால் மாற்று என்ன? கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு? பயணிகள் குறைவு என்று பேருந்துச் சேவையைக் குறைத்தால் இன்னும் குறைவானவர்களே ஏறுவார்கள். ஆகவே முதல் சில ஆண்டுகளுக்குக் காலி இருக்கைகளோடு ஓடும் பேருந்துக்கும் நகர் கட்டும் செலவிலேயே பணம் ஒதுக்கலாம். ரயில் நிலையத்தோடு ஒப்பிட்டால் அது சில்லறைக் காசு.

2022 நவம்பரில் தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதையின் மூன்றாம் கட்டம் திறந்தபோது, மவுண்ட் பிளசண்ட் நிலையத்தில் ரயில் நிற்கவில்லை. அங்கு வீடுகள் வரட்டும் என்று அது காத்திருந்தது. அதன் வாசலில் யாரும் யானை வைக்கவில்லை.