பிடி வேறு, அலகு வேறு

பழைய இரும்பைத் துடைத்தே பிழைத்தவன் நான். அந்த உரிமையில் இன்று கொஞ்சம் கடுகடுப்பாகவே பேசப்போகிறேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் 'பல்லவர் வாள்' வாங்கி வரவேற்பறையில் மாட்டுவது இப்போது மோஸ்தர். மாமல்லபுரத்துக் கடையொன்றில் என்னிடமும் ஒன்றை நீட்டினார்கள். நுனியிலிருந்து பிடிவரை ஒரே நிறத் துரு. தேய்த்தால் விரலில் மஞ்சளாக ஒட்டியது. பழந்துரு அப்படி ஒட்டாது. கறுத்து, இறுகி, அடுக்கடுக்காக உப்பி நிற்கும். அதுவும் உப்புக் காற்று வீசும் கரை இது!

"சிற்பத்தில் இருப்பது போலவே இருக்கிறதே" என்றார் கடைக்காரர். இருக்கத்தான் செய்யும். மகிஷாசுரமர்த்தினி குகையிலும், கோடிக்கால் மண்டபத்து வாயிற்பெண்ணின் கையிலும் 7ஆம் நூற்றாண்டு வாள் எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கிறது. போலி செய்கிறவனும் அதைத்தானே பார்க்கிறான்?

ஆகவே வடிவத்தை விடுங்கள். பிடியும் அலகும் சேரும் இடத்தைப் பாருங்கள். எனக்கு அந்த நான்கு விரற்கடைதான் வாள். நம் நாட்டு வாள்களில் பெரும்பாலும் அலகின் காம்பைப் பிடிக்குள் செருகி அரக்கு வார்த்துவிடுவார்கள். சூடு காட்டினால் கழன்றுவிடும். வேறு பிடி போடலாம். போட்டிருக்கிறார்கள், தலைமுறை தலைமுறையாக. பிடி வேறு, அலகு வேறு.

இதற்குத் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களை மிஞ்சிய பாடம் இல்லை. கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி 1855இல் மறைந்தபின் அவை ஆங்கிலேயர் கைக்குப் போயின. 1860களில் சிறந்தவை சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. மற்றவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோயின. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. எஞ்சிய வாள்களில் யாளிமுகப் பிடி நம் கொல்லர் கைவேலை. அலகோ பல வாள்களில் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தது. அங்குள்ள பட்டறையின் முத்திரையும் இருக்கும். அந்த முத்திரையையும் நம்மவர்கள் நகல் எடுத்தார்கள் என்பது தனிக்கதை! பிடியிலிருந்து அலகின்மேல் நீளும் பட்டையை ஆணி அடித்து இறுக்கியிருப்பார்கள். ஆணி இல்லாத வெறுந்துளை ஒன்று தெரிந்தால், அங்கே பழைய பிடி ஒன்று இருந்திருக்கிறது. அப்படிப்பட்ட வாளைப் போலி என்று தள்ளாதீர்கள். அதற்கு இரண்டு வயது. மறுபடி சொல்கிறேன்: பிடி வேறு, அலகு வேறு. இரண்டுக்கும் தனித்தனியே வயது கேளுங்கள்.

உருக்கின் நெளிவரியைக் காட்டியும் மயக்குவார்கள். மேலே தீட்டிய வரி மெருகேற்றினால் போய்விடும். மூசையில் உருக்கிய எஃகின் வரி, மெருகேற்றியபின் லேசான அமிலம் பட்டால் திரும்ப எழும். ஆனால் அதை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம்.

செங்கல்பட்டுப் பக்கம் கிணறு வெட்டும்போதோ ஏரி தூர்வாரும்போதோ பழைய வாள் கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். கிடைத்த மண்ணோடு அப்படியே வைத்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ தகவல் சொல்லுங்கள்.