பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்

(இயக்கத் தோழர்களுக்கான ஒலிப்பதிவுப் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



பாட்காஸ்ட் பற்றிப் பேசச் சொன்னார்கள். 2004இல் லண்டன் கார்டியன் பத்திரிகையில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய ஒரு கட்டுரையில் பிறந்த சொல் இது. இன்றைக்கு நம்ம பையன்கள் கையில் இருக்கிற செல்போனை வைத்தே எடுத்து ஏற்றிவிடுகிறார்கள். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய 'பறையன்', 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்', 1920இல் அம்பேத்கர் தொடங்கிய 'மூக்நாயக்' ஆகியவற்றின் தொடர்ச்சி இது என்று மேடையில் சொல்லிக்கொள்கிறோம். சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அந்தப் பத்திரிகைகளில் வரிமேல் வரி ஏறி, மை கலங்கி அச்சாகியிருந்தால் யார் காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள்? ஒலியில் நாம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

நான் கேட்கிறவன் என்கிற முறையில் பேசுகிறேன். டவுன் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறவன். நம்ம தோழர்களின் பதிவுகள் பலவற்றை ஐந்தாவது நிமிடத்தில் நிறுத்தியிருக்கிறேன். கொள்கையில் உடன்பாடு இல்லாமல் இல்லை. காது வலித்தது, அவ்வளவுதான்.

முதலில் இடம். நமக்குக் கிடைப்பது சிமெண்ட் சுவரும் தகரக் கூரையும் உள்ள சமுதாயக் கூடம். பேசுகிற குரல் சுவரில் மோதித் திரும்பி வந்து அடுத்த சொல்லின்மேல் விழும். கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி கேட்கும். இதற்கு ஸ்டுடியோ வேண்டாம். கொடியில் நாலு போர்வை, தரையில் கோரைப்பாய், மூலையில் துணிமூட்டை. துணி ஒலியைக் குடிக்கும். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். 'ப' வரும்போது காற்று வந்து மைக்கில் அடிக்காது. தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் இறங்கும், எதிரொலியோ அப்படியே நிற்கும். மேசை நடுவில் ஒரு போனை வைத்துவிட்டு நாலு பேர் சுற்றி உட்கார்ந்து பேசினால் நாலு பேருமே கேட்க மாட்டார்கள்.

அப்புறம் பறை. நாம் எல்லோருமே பறையோடுதான் தொடங்குகிறோம். தொடங்கணும்தான். ஆனால் பேச்சுக்கு வைத்த அதே ஒலி அளவில் பறையை எடுத்தால் முதல் அடியிலேயே ஒலி மேல்வரம்பைத் தாண்டி உடைந்துவிடும். அப்படி உடைந்ததை எந்த மென்பொருளும் முழுசாக ஒட்டவைக்காது. அந்தத் தோலின் அதிர்வும் குச்சிகளின் வேறுவேறு நாதமும் போய் வெறும் கரகரப்பு மிஞ்சும். பறையை இரைச்சல் என்று சொல்லித் திரிகிறவனுக்கு நாமே சாட்சி தயாரித்துக் கொடுத்த மாதிரி ஆயிற்று. பறையைத் தனியாக எடுங்கள். பத்தடி தள்ளி மைக்கை வையுங்கள், அளவைக் குறையுங்கள். பிறகு பேச்சோடு சமப்படுத்துங்கள். மொத்தச் சத்தம் மைனஸ் 16 எல்.கே.எஃப்.எஸ். அளவையொட்டி இருக்கட்டும் என்கிறது ஆப்பிள் நிறுவனம். முதலாளி சொன்னாலும் அளவு அளவுதான்.

ஆனால் ஆளைத் துரத்துவது பெரும்பாலும் மைக் இல்லை, கேள்வி கேட்கிறவர். ஒரு பதிவு. யாருடையது என்று சொல்லப் போவதில்லை. சுடுகாட்டுப் பாதையை மறித்தது பற்றி ஒரு அம்மா பேசுகிறார். "அன்னைக்கு மழைங்க, பொணத்தெ எறக்கி வரப்புல வச்சிட்டு..." என்று ஆரம்பிக்கிறார். நம்ம தோழர் விடுகிறாரா? "அதாவது, நிலவுடைமைச் சாதிக் கட்டமைப்பு வெளியை எப்படி..." என்று உள்ளே விழுகிறார். அந்த அம்மா "ஆமாங்க" என்றுவிட்டு அடங்கிப்போகிறார். வரப்பில் வைத்த பிணம் என்ன ஆனது என்று கடைசிவரைக்கும் நமக்குத் தெரியவே இல்லை. கோட்பாடு வேண்டாம் என்கிற ஆள் இல்லை நான். அதை அந்த அம்மா முடித்த பிறகு தனியாகப் பேசலாமே!

இன்னொரு இடத்தில் "கொஞ்சம் நல்ல தமிழ்ல சொல்லுங்கம்மா" என்கிறார். யாருடைய நல்ல தமிழ்? வானொலியும் பள்ளிக்கூடமும் நம் வாயைக் கழுவிவிட்டது போதாதா?

மௌனத்தையும் கவனியுங்கள். வங்கியில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் நின்று பேசுகிறவர்களைத் தினமும் கேட்கிறவன் நான். பென்ஷன் வாங்க வரும் கிழவி ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வாள் என்று தெரியும். அந்த இடைவெளியில் தான் என்னத்தைச் சொல்லலாம், எதை விடலாம் என்று அவள் யோசிக்கிறாள். நாம் அதை "ம்... ம்... சரி சரி" என்று நிரப்புகிறோம். நிரப்பாமல் விட்டதையும் மௌனம் நீக்கும் மென்பொருள் வெட்டிப்போடுகிறது. இரைச்சல் நீக்கும் வசதியை அளவுக்கு மீறிப் போட்டால் குரல் தண்ணிக்குள்ள பேசற மாதிரி ஆகிவிடும். 'சுத்தமான ஒலி' என்று விளம்பரம் செய்கிறார்கள். சுத்தம் என்ற சொல்லை வைத்து நம்மை என்ன செய்தார்கள் என்று நமக்குத் தெரியும். பின்னால் கோழி கூவினால் கூவட்டும். சொல் தெளிவாக விழணும், அது போதும்.

1955இல் பி.பி.சி. அம்பேத்கரைப் பேட்டி எடுத்தது. காந்தியைப் பற்றி அவர் மனதில் பட்டதை மறைக்காமல் பேசிய அந்தப் பதிவு இன்றைக்கும் கைமாறிக்கொண்டிருக்கிறது. பேட்டி எடுத்தவர் யார் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? நமக்குக் கேட்பது அண்ணலின் குரல்தான்.

வரவேற்புரை, பொன்னாடை, யார் யார் வந்திருக்கிறார்கள் என்ற பட்டியல் எல்லாம் ஒலியில் செல்லாது. யார் பேசுகிறார், எதைப் பற்றி என்பதை முதல் நிமிடத்தில் சொல்லிவிடுங்கள்.

டேட்டா கணக்கும் உண்டு. 128 கிலோபிட்டில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 58 எம்.பி. ஆகும். வெறும் பேச்சுக்கு மோனோவில் 64 போதும், 29 எம்.பி.யில் முடியும். கூலிவேலைக்குப் போகிறவர்கள் கேட்கணும் என்றால் இந்தப் பாதி பெரிய விஷயம்.

கடைசியாக ஒன்று, இதில் சமரசமே கிடையாது. பெயரை மாற்றினாலும் ஊருக்குள் குரலை அடையாளம் கண்டுபிடிப்பார்கள். அந்த அம்மாவின் மகன் நாளைக்கு அதே ஆண்டை வயலில்தான் இறங்கணும். ஏற்றுவதற்கு முன் அவருக்குப் போட்டுக்காட்டுங்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள். இல்லையென்றால் கேட்கிறவர்கள் போவது இருக்கட்டும், சொல்கிறவர்களே நம்மிடம் வர மாட்டார்கள்.

சரி, பயிற்சிக்குப் போகலாம். இரண்டிரண்டு பேராக உட்காருங்கள். யாராவது அந்த ஃபேனை நிறுத்துங்கப்பா.