மலையோட்டமும் மலையூரும்

(மலையடிவாரச் சிற்றூர்களின் கிராம சபைக் கூட்டங்களுக்கு முன்னதாக, ஊர்ப் பெரியோர், மகளிர் குழுவினர், இளைஞர் மன்றத்தினர் ஆகியோர் கூடிய அவையில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நாம் கூடியிருப்பது சாலைக்காகவோ கிணற்றுக்காகவோ அன்று. ஓர் ஓட்டப் பந்தயத்தைப் பற்றிப் பேசுவதற்காக. நம் வட்டாரத்து மலைப் பாதைகளில் பந்தயம் ஒன்று நடத்த விரும்புவதாக நகரத்து அன்பர்கள் சிலர் ஒன்றியத்திற்கு எழுதியிருக்கின்றனர். ஓட வருவோர் செலுத்தும் கட்டணத்திலும் அவர்கள் திரட்டும் நன்கொடையிலும் செலவு போக எஞ்சுவதை வரையாட்டின் பாதுகாப்பிற்கு அளிப்பது அவர்கள் உத்தேசம். காட்டுக்குள் நுழைய ஒப்புதல் தருவதும் மறுப்பதும் வனத்துறையின் பொறுப்பு. ஆயினும் பந்தயம் தொடங்கும் இடமும் முடியும் இடமும் நம் ஊர்கள். குடிநீரும் கழிப்பிடமும் நம்மிடமே கேட்கப்படுகின்றன. ஆகவே வருகின்ற கிராம சபையில் இதுபற்றி நீங்கள் ஒரு முடிவுக்கு வரவேண்டும். அதற்கு உதவியாகச் சில செய்திகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதற்கண் என் குறை ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கடிதம் கிடைத்த அன்றே, நல்ல காரியந்தானே என்று எண்ணி, ஆதரவாக ஒரு குறிப்பு எழுதிவிட்டேன். மறு வாரம் மலைமேல் உள்ள குடியிருப்பு ஒன்றிற்குக் குடிநீர்த் தொட்டியைப் பார்வையிடச் சென்றபோது, அங்கிருந்த மூதாட்டி ஒருவரிடம் இச்செய்தியைப் பெருமையோடு கூறினேன். அவர், “ஆட்டுக்காக ஓடுகிறவர்கள் ஓடட்டும், ஐயா. என் வாழையைப் பன்றி தோண்டிப் போடுகிறதே, அதற்காக யார் ஓடுவார்?” என்று கேட்டார். அருகிலிருந்த பெரியவர், “சுள்ளி பொறுக்க நாங்கள் போனால் தடை, அவர்கள் ஓடி வந்தால் மாலையா?” என்றார். எனக்கு விடை கூற நா எழவில்லை. அலுவலகம் திரும்பியதும் அக்குறிப்பைத் திரும்பப் பெற்றேன். உங்களைக் கேளாமல் எழுதியது என் பிழை. அந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடியதன் பயனே இந்த உரை.

அன்பர்களே! வனவிலங்குகளுக்காக ஓடுவது உலகிற்குப் புதிதன்று. ஆப்பிரிக்காவில் உள்ள கென்யா நாட்டில், கென்யா மலையின் வடபுறச் சரிவுகள் இறங்கி வரும் இடத்தில், லேவா என்றொரு வனவிலங்குக் காப்பகம் இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 62,000 ஏக்கர். கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 5,500 அடி உயரம். ஒரு காலத்தில் அது மாட்டுப் பண்ணை. அந்நாளில் கறுப்புக் காண்டாமிருகம் ஆப்பிரிக்கா எங்கும் கொன்று குவிக்கப்பட்டது. 1970-இல் சுமார் 65,000 ஆக இருந்த அவ்வினம், 1990-களின் நடுவில் 2,500-க்கும் கீழே வந்துவிட்டது. காரணம் அதன் கொம்பு. நம் நகமும் மயிரும் எப்பொருளால் ஆனவையோ, அப்பொருளால் ஆனதே அக்கொம்பும். ஆயினும் அதனை மருந்தென்று நம்பியோரும் அணிபொருளாக விரும்பியோரும் பெரும் விலை கொடுத்தனர்.

1983-இல் ஆனா மெர்ஸ் என்ற பெண்மணி, அப்பண்ணையின் உரிமையாளரான டேவிட் கிரேக் என்பாரை அணுகி, எஞ்சிய காண்டாமிருகங்களுக்கு ஒரு புகலிடம் கேட்டார். அவரும் 5,000 ஏக்கரை ஒதுக்கித் தந்தார். காப்பிடம் நாளடைவில் வளர்ந்து பண்ணை முழுவதையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. 1995-இல் லேவா வனவிலங்குக் காப்பகம் முறையாக அமைந்தது. இன்று கறுப்புக் காண்டாமிருகத்தோடு, அருகி வரும் கிரேவி வரிக்குதிரைக்கும் அது முக்கியமான புகலிடம்.

காவலுக்கு ஆள் வேண்டும். ஆளுக்கு ஊதியம் வேண்டும். அதற்கு வழி தேடியபோது பிறந்ததே அந்த ஓட்டம். டஸ்க் என்னும் பிரித்தானிய அறநிறுவனமும் லேவா காப்பகமும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டு அதனைத் தொடங்கின. தொடக்கத்தில் இருநூறு பேர் கூட வரவில்லை. பிற்காலத்தில் ஆயிரத்திற்கு மேற்பட்டோர் பல நாடுகளிலிருந்து வரலாயினர். ஜூன் மாதத்தில், காப்பகத்தின் உள்ளேயே, மண் பாதையில் ஓடுகின்றனர். ஒரு சுற்று 21 கிலோமீட்டர். முழு மராத்தான் ஓடுவோர் இருமுறை சுற்றவேண்டும். பாதைக்கும் விலங்குகளுக்கும் இடையே வேலி இல்லை. ஆகவே காவலர்கள் துப்பாக்கியுடன் வழி நெடுகிலும் நிற்பர். வானூர்தியில் பறந்தும் விலங்குகளின் நடமாட்டத்தைக் கண்காணிப்பர்.

இவ்வளவோடு நின்றிருந்தால், அது செல்வர்களின் விளையாட்டு என்று சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கலாம். ஆனால் சேர்ந்த பணம் போன வழியைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அது காண்டாமிருகத்திற்கு மட்டும் போகவில்லை. காப்பகத்தைச் சூழ்ந்த ஊர்களின் பள்ளிக்கும் மருத்துவ நிலையத்திற்கும் குடிநீருக்கும் அதில் பங்கு உண்டு. லேவா காப்பகம் இருபதுக்கு மேற்பட்ட பள்ளிகளுக்குத் துணை நிற்கிறது. மகளிருக்குச் சிறுகடன் அளித்துத் தொழில் செய்ய உதவுகிறது. காவலர்களிலும் பலர் சுற்று வட்டார ஊர்க்காரர்கள். அண்டையில் வாழும் மாசாய் மக்கள், இல் இங்வேசி என்னுமிடத்தில், 1996-இலேயே தங்கள் பொது நிலத்தில் விருந்தினர் விடுதி கட்டி, அதன் வருவாயைத் தாங்களே ஆளத் தொடங்கினர். விலங்கு உயிரோடு இருந்தால் தன் பிள்ளை பள்ளிக்குப் போகும் என்பதைக் கண்ணால் கண்ட ஊரில், வேட்டைக்காரனுக்கு வழிகாட்ட ஆள் கிடைப்பது அரிது. துப்பாக்கி ஏந்திய காவலைவிட வலிமை வாய்ந்த காவல் இதுவே.

லேவாவை அப்படியே பெயர்த்து இங்கே நட்டுவிடலாம் என்று நான் கூறவில்லை. அது தனியார் பண்ணையாக இருந்த புல்வெளி நிலம். நம்முடையது செங்குத்தான மலை, அரசின் காடு. அங்கு நில உரிமையின் வரலாறு வேறு, இங்கு வேறு. ஆனால் ஊரை விட்டுவிட்டு விலங்கை மட்டும் காக்க முடியாது என்ற பாடம் எந்நாட்டிற்கும் பொது.

இனி நம் வரையாட்டைப் பார்ப்போம். அது நம் மாநிலத்தின் விலங்கு. பழந்தமிழ் நூல்கள் வருடை என்று குறிப்பது இதனையே என்பர் அறிஞர். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இது வாழவில்லை. 2023 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வரையாட்டுத் திட்டத்தை 25 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2024-இல் எடுத்த கணக்கில் 1,031 வரையாடுகளும், 2025-இல் எடுத்த கணக்கில் 1,303 வரையாடுகளும் காணப்பட்டன. எண் கூடியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. எனினும் மாநிலம் முழுவதற்கும் இவ்வளவுதான் என்பதை மறக்கலாகாது.

அதற்கு வேண்டுவன இரண்டே: மேய்வதற்கு மலையுச்சிப் புல்வெளி, ஆபத்து வந்தால் ஒதுங்குவதற்குச் செங்குத்துப் பாறை. அப்புல்வெளியில் பெரும்பகுதியைத் தேயிலையும், தைல மரமும், சீகை மரமும் விழுங்கிவிட்டன. பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டி. ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் குட்டி ஈனும் காலம். அதனால்தான் கேரளத்து இரவிகுளம் தேசியப் பூங்காவை ஆண்டுதோறும் அப்பருவத்தில் பார்வையாளர்களுக்கு மூடிவிடுகின்றனர். அந்நாளில் முந்நூறு பேர் உச்சிப் புல்வெளியில் ஓடினால் தாய் மிரண்டு பாறைக்கு ஓடும்; குட்டி பின்தங்கும். வரையாட்டைக் காக்கப் பணம் திரட்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டே வரையாட்டை விரட்டியவர்களாவோம்.

மனித உயிரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2018 மார்ச் மாதத்தில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டதையும், இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டதையும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பின் அரசு மலையேற்றத்திற்கு விதிமுறைகளை வகுத்தது. 2024-இல் நாற்பது பாதைகளைத் தேர்ந்தெடுத்து, மலைவாழ் இளைஞர்களையே வழிகாட்டிகளாகப் பயிற்றி, முறையான மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. காட்டுத்தீக் காலத்தில் அப்பாதைகளும் மூடப்பட்டன. காட்டை அறிந்தவன் துணையின்றிக் காட்டில் கால் வைத்தல் ஆகாது என்பதை நாம் விலை கொடுத்துக் கற்றிருக்கிறோம்.

இவற்றையெல்லாம் நோக்கும்போது, வருவோரை முற்றும் மறுத்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் சில நிபந்தனைகளை நாம் வற்புறுத்த வேண்டும்.

முதலாவது, பாதை. உச்சிப் புல்வெளியும் பாறைச் சரிவும் கூடவே கூடா. தோட்டங்களின் ஊடே செல்லும் பழைய வண்டிப் பாதையும், ஊருக்கு ஊர் செல்லும் நடைபாதையும் போதும். வனத்துறை குறித்துத் தரும் எல்லையைத் தாண்டலாகாது.

இரண்டாவது, பருவமும் எண்ணிக்கையும். குட்டி ஈனும் காலத்திலும் காட்டுத்தீக் காலத்திலும் ஓட்டம் வேண்டாம். இருட்டியபின் ஒருவரும் மலையில் இருத்தல் ஆகாது. நம் குடிநீர்த் தொட்டி எத்தனை பேருக்குத் தாங்குமோ அத்தனை பேரையே அழைக்க வேண்டும். ஊர்க் குழாயில் தண்ணீர் நின்றால் அன்றே ஓட்டமும் நிற்க வேண்டும்.

மூன்றாவது, குப்பை. நெகிழிப் புட்டியும் பொட்டலத் தாளும் மலைமேல் போகலாகாது. ஓடுவோர் தத்தம் குவளையைக் கொண்டு வரட்டும்.

நான்காவது, வேலையும் கூலியும். வழிகாட்டுவோரும் தண்ணீர்ப் பந்தலில் நிற்போரும் நம் இளைஞர்களாக இருக்க வேண்டும். உணவு சமைப்பது மகளிர் குழுக்களிடம் விடப்பட வேண்டும். அதற்குரிய கூலி பேசி, அன்றே வழங்கப்பட வேண்டும். தொண்டு என்ற பெயரால் ஏழையின் உழைப்பை இலவசமாகப் பெறுவது தொண்டாகாது.

ஐந்தாவது, கணக்கு. இதுவே தலையாயது. வரவு எவ்வளவு, மேடைக்கும் விளம்பரத்திற்கும் செலவு எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என்பதை அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று படிக்க வேண்டும். எஞ்சியதில் ஒரு பங்கு புல்வெளியில் பரவிய களைகளை அகற்றும் பணிக்குப் போகட்டும். அப்பணியின் கூலி மலைவாழ் மக்களைச் சேரட்டும். மற்றொரு பங்கு, பன்றியும் யானையும் புகும் ஓரத்து நிலங்களின் காவலுக்குப் போகட்டும். அப்போதுதான் அந்த மூதாட்டியின் கேள்விக்கு நாம் விடை கூறியவர்களாவோம்.

அந்தப் பெரியவரின் கேள்வி இன்னும் நிற்கிறது. சுள்ளிக்குத் தடை, ஓட்டத்திற்கு மாலையா என்றார். வன உரிமைச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டது. அச்சட்டப்படி காட்டின் சிறு விளைபொருள்களின் மேல் உரிமை கோரும் விண்ணப்பங்களைக் கிராம சபையே முதலில் ஆராய வேண்டும். நம் குடியிருப்புகளில் அவ்விண்ணப்பம் அளிக்காத குடும்பங்கள் எவை என்று பட்டியல் எடுக்கும்படி ஊராட்சிச் செயலர்களைக் கேட்டுக்கொண்டுள்ளேன். வெளியூரார் ஓடுவதற்கு ஒப்புதல் பேசும் அதே கூட்டத்தில், உள்ளூரார் நடப்பதற்கான உரிமையும் பேசப்பட வேண்டும். இரண்டையும் ஒரே நாளில், ஒரே அவையில் எடுத்துக்கொள்வோம். ஒன்றைப் பேசி மற்றொன்றை ஒத்திவைக்க நான் உடன்பட மாட்டேன்.

நிபந்தனைகளை ஏற்க அவர்கள் மறுப்பார்களாயின், வணக்கம் கூறி அனுப்பிவிடுவோம். வரையாட்டிற்கு அதனால் நட்டமில்லை. ஏற்பார்களாயின், ஓட்டம் முடிந்த மறுநாள் காலையில் நானும் நீங்களும் அப்பாதையில் ஒருமுறை நடந்து பார்ப்போம். பாதை முன்போல் தூய்மையாக இருக்கிறதா, கூலி கைக்கு வந்ததா, புல்வெளியில் ஆடு மேய்கிறதா என்று காண்போம். ஓட்டத்தின் வெற்றியை முதலில் வந்தவரின் நேரத்தைக் கொண்டு நாம் அளக்க வேண்டியதில்லை. அந்த மறுநாளைக் கொண்டு அளப்போம்.

முடிவு உங்களுடையது. தாய்மார்களும் மலைமேல் குடியிருப்பினரும் தவறாது கிராம சபைக்கு வந்து, மனத்தில் உள்ளதைத் தயங்காமல் கூறுமாறு வேண்டி அமைகிறேன்.