வேளையறிந்த மின்சாரம்



ஓசூருக்குத் தெற்கே, தளியைக் கடந்து சென்றால், கர்நாடக எல்லையை ஒட்டி ஜவளகிரி என்னும் சிற்றூர் இருக்கிறது. வடக்கே ஓசூரின் தொழிற்சாலைகள். தெற்கே காவிரிக் கரை வரையில் பரந்து கிடக்கும் காடு. இரண்டுக்கும் இடையே கேழ்வரகு விளையும் மேட்டு நிலங்கள். நாட்டின் மின்சக்தியைப் பற்றிப் பேசப் புகுந்த நான், அணைக்கட்டையோ அணு உலையையோ விட்டுவிட்டு இச்சிற்றூரிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. மின்சாரம் எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட நாம் அறிவோம். எந்த வேளையில் வேண்டும் என்று கேட்க இப்போதுதான் கற்று வருகிறோம். அக்கேள்வியின் அருமையை இவ்வூர் நமக்கு நன்கு உணர்த்தும்.

இப்பீடபூமிக்கு மின்சாரம் பழைய உறவு. மேற்கே சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து எடுத்த மின்சாரம், 1902ஆம் ஆண்டிலேயே ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பி வழியே சென்று, கோலார் தங்கச் சுரங்கத்தின் யந்திரங்களை ஓட்டிற்று. பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்தது அதன் பின்னர், 1905இல்தான். நூறாண்டு கழிந்து, 2003இல், ஒடிசாவின் தால்சேரிலிருந்து சுமார் 1,450 கிலோமீட்டர் நீளமுள்ள பெரும் மின்பாதை அதே கோலாருக்கு வந்து சேர்ந்தது. முன்னது ஆற்று நீர் தந்த ஆற்றல். பின்னது நிலக்கரி தந்த ஆற்றல்.

ஆயினும் தேவை ஆக்கத்தை முந்திக்கொண்டே சென்றது. 2008ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழ்நாடு கடும் மின்வெட்டால் வாடியதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தொழிற்கூடங்கள் டீசல் யந்திரங்களை நம்பிக் காலந்தள்ளின. வடநாட்டில் மிஞ்சிய மின்சாரத்தை வேண்டிய அளவு வாங்கவும் வழியில்லை. தென்னாட்டு மின்வலை தனித்து நின்றது. 2013 டிசம்பர் 31ஆம் நாள், ராய்ச்சூருக்கும் சோலாப்பூருக்கும் இடையே இட்ட உயர் அழுத்தப் பாதையால் அது ஏனைய இந்தியாவுடன் ஒன்றாக இணைந்தது. இன்று நாடு முழுவதற்கும் ஒரே மின்வலை.

இவ்வலையின் மேல் ஒரு சந்தையும் நடைபெறுகிறது. 2008இல் தொடங்கிய மின்சாரப் பரிவர்த்தனை நிலையத்தில், ஒரு நாளைப் பதினைந்து நிமிடம் கொண்ட 96 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனி விலை காண்கிறார்கள். நெல்லுக்கு அறுவடைக் காலத்தில் ஒரு விலையும், ஆடியில் ஒரு விலையும் இருப்பதுபோல, மின்சாரத்துக்கு நண்பகலில் ஒரு விலை, அந்தி சாய்ந்தபின் ஒரு விலை. பகலில் சூரிய ஒளி மின்சாரம் பெருகுவதால் விலை இறங்குகிறது. வீடுகளில் விளக்கேற்றும் நேரத்தில் ஏறுகிறது.

2025ஆம் ஆண்டின் நடுவில், நாட்டில் நிறுவப்பெற்றிருந்த மின் ஆக்கத் திறனில் பாதி, நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் சாராததாயிற்று. பெருமைப்படத்தக்க செய்திதான். ஆனால் உண்மையில் உண்டாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னமும் நிலக்கரியிலிருந்தே கிடைக்கிறது. கதிரவன் பகலில் மட்டுமே உழைக்கிறான். நம் மாநிலத்துக் காற்றோ வைகாசி முதல் புரட்டாசி வரையில்தான் வலுத்து வீசுகிறது. இரவுக்கும் காற்றில்லாத மாதங்களுக்கும் நிலக்கரியே துணை நிற்கிறது.

இக்குறையை நீக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, சேமித்து வைத்தல். ஆனைமலையில் உள்ள காடம்பாறை நிலையத்தில், மின்சாரம் மிஞ்சும்போது நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். மின்கலங்களும் இப்பணிக்கு வருகின்றன. மின்கலத்தால் ஓடும் இரு சக்கர வண்டிகள் இன்று ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் உருவாகின்றன. எனினும் சேமிப்புக்குச் செலவு அதிகம்.

மற்றொன்று, செலவில்லாத வழி என்றே சொல்லலாம். மின்சாரம் மிகுந்திருக்கும் வேளைக்கு நம் வேலையை மாற்றிக்கொள்ளுதல். இதற்கு முதற்கண் உரியவை உழவர்களின் பம்பு செட்டுகள். தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவை இருக்கின்றன. அவற்றை ஓட்ட மும்முனை மின்சாரம் வேண்டும். மின்சாரம் போதாத காலங்களில் அதனைப் பகலில் சில மணி, இரவில் சில மணி என்று முறை வைத்து வழங்குவது பல மாநிலங்களின் வழக்கம். இரவு முறை வந்துவிட்டால் உழவன் உறக்கத்தை விட்டு, கைவிளக்குடன் கிணற்றடிக்குச் செல்லவேண்டும்.

ஜவளகிரி போன்ற ஊரில் அந்த இரவு எத்தகையது? மழைக்குப் பின் கேழ்வரகு கதிர் பிடிக்கும் பருவத்தில், பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஆண்டுதோறும் இப்பக்கம் வருகின்றன. இருளில் நீர் பாய்ச்சச் சென்றவன் யானையின் எதிரே நிற்க நேரிடுகிறது. பயிரைக் காக்கும் ஆத்திரத்தில் சிலர் மின்கம்பத்திலிருந்து நேரே வேலிக்கு மின்சாரம் கொடுத்துவிடுகிறார்கள். 2023 மார்ச்சு மாதம் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளிக்கு அருகே இத்தகைய வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் தாயிழந்து நின்றன. அவ்வாறே மனிதர் மடிவதும் உண்டு. சூரிய மின்வேலியோ ஒரு நொடிக்கு ஒருமுறை கணநேர அதிர்ச்சி மட்டுமே தருகிறது. விலங்கு அஞ்சி விலகும்; சாகாது.

பகலில் நீர் பாய்ச்ச மின்சாரம் கிடைத்தால் இத்துன்பத்தில் ஒரு பங்கேனும் குறையும். 2020இல் குஜராத் அரசு தொடங்கிய ‘கிசான் சூர்யோதய’ திட்டம், உழவருக்குப் பகல் நேரத்தில் மும்முனை மின்சாரம் அளிக்கவே ஏற்பட்டது. 2019இல் மத்திய அரசு தொடங்கிய ‘குசும்’ திட்டமும், ஊருக்கு அருகிலேயே சூரிய ஒளி நிலையம் அமைத்து, பம்பு செட்டுகளுக்கான மின்பாதைக்கு அங்கிருந்தே மின்சாரம் தர இடமளிக்கிறது. நண்பகலில் மலிந்து கிடக்கும் மின்சாரம் வீணாவதில்லை. நெடுந்தூரக் கம்பியில் ஏற்படும் இழப்பும் குறைகிறது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். புதிய நிலையங்களுக்குத் திட்டம் வகுப்போர், இத்தனை மெகாவாட் என்று எழுதும் ஏட்டில், காட்டோரத்து ஊர்களின் கிணறுகளுக்குப் பகல் மின்சாரம் என்று ஒரு வரியையும் முதலிடத்தில் எழுதவேண்டும். தங்கச் சுரங்கத்துக்கு 147 கிலோமீட்டர் கம்பி இழுக்க 1902இல் முடிந்த நாட்டில், கேழ்வரகு விளைவிப்பவன் இரவில் வீட்டில் உறங்க வழி செய்வது அரிய காரியமாகாது.