புதிய ஆசிரியரின் தனிமையும் சங்கத்தின் கடமையும்

(ஆசிரியர் அரங்கத் தோழர்களின் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியர்களின் மன உளைச்சலைப் பற்றி இப்போது அரசுகளும் பேசுகின்றன. யோகா, தியானம், ஊக்கவுரை ஆகியவை அதற்கு மருந்தாகச் சொல்லப்படுகின்றன. நோய் ஆசிரியரின் மனத்தில்தான் இருக்கிறது என்பதே இதன் உட்பொருள். அந்த உளைச்சல் பிறக்கும் இடம் எது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

முதலாவது, தனிமை. நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓராசிரியர் பள்ளிகள் இருப்பதாக ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் 2024-25 ஆம் ஆண்டுப் புள்ளிவிவரமே கூறுகிறது. அவற்றில் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் படிக்கின்றனர். 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கும் இரண்டு ஆசிரியர்கள் வேண்டும் என்கிறது 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். சட்டம் மீறப்பட்ட இத்தகைய பள்ளியில் நியமிக்கப்படும் இளைஞர் ஐந்து வகுப்புகளையும் ஒருவராகவே நடத்துகிறார். ஒரு குழந்தைக்கு ஏன் வாசிக்க வரவில்லை என்று கலந்து பேசச் சக ஆசிரியர் இல்லை. காய்ச்சலுக்கு விடுப்பு எடுக்கவும் அஞ்சுகிறார். அமைப்பின் தோல்வியைத் தன் தோல்வியாகவே எண்ணத் தொடங்குகிறார்.

இரண்டாவது, நிச்சயமின்மை. உத்தரப் பிரதேசத்தில் உதவி ஆசிரியர்களாக உயர்த்தப்பட்ட லட்சத்துக்கும் மேற்பட்ட சிக்ஷா மித்ராக்கள், 2017 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அப்பணியை இழந்தனர். பின்னர் மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியமே அவர்களுக்கு நிர்ணயிக்கப்பட்டது. மேற்கு வங்கத்தில் 2025 ஏப்ரல் 3 அன்று 25,753 ஆசிரியர், ஊழியர் நியமனங்கள் ரத்தாயின. நியமன ஊழலில் பங்கே இல்லாதவர்களும் வேலையிழந்து, மீண்டும் தேர்வெழுத நேர்ந்தது. நாளை இருக்குமா என்று தெரியாத வேலையில் எவருக்கு மன அமைதி வரும்?

மூன்றாவது, கல்விசாராப் பணிகள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 27 ஆவது பிரிவு. அந்த விதிவிலக்கே பெருஞ்சுமையாகிவிட்டது. 2025 இறுதியில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது, ஆசிரியர்கள் உள்ளிட்ட வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் சிலர் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் பல மாநிலங்களிலிருந்து வந்தன. கூடுதல் ஊழியர்களை அனுப்புமாறு உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட நேர்ந்தது.

அரசின் பதில் என்ன? 2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அறிவித்த வழிகாட்டுநர் திட்டம், 2022 ஜூலையில் முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டது வெறும் 30 பள்ளிகளில். நாட்டில் உள்ள பள்ளிகளோ 14 லட்சத்துக்கும் மேல்!

ஆனால் கோரிக்கைகள் வெல்லும் நாள்வரை அந்த இளைஞரைத் தனியே விட்டுவிட முடியாது. சந்தா வசூலிக்கும் நாளில் மட்டும் அவரைத் தேடிச் செல்லும் பழக்கம் நம் சங்கக் கிளைகளிலும் உண்டு. இது மாற வேண்டும். பணியேற்ற முதல் மாதத்திலேயே கிளைப் பொறுப்பாளர் அவரைப் பள்ளியில் சந்திக்க வேண்டும். அனுபவமுள்ள ஓர் ஆசிரியரை ஓராண்டுக்கு அவருக்குத் துணையாக்க வேண்டும். அந்தத் துணைவர் அவர்மீது அறிக்கை எழுதும் அதிகாரம் உள்ளவராக இருக்கக் கூடாது. அதிகாரிமுன் எவரும் மனம் திறப்பதில்லை. தொலைதூரப் பள்ளிக்குச் செல்லும் பெண் ஆசிரியரின் தங்குமிடம், பேருந்து, கழிப்பறை ஆகியவற்றையும், தலித், பழங்குடி ஆசிரியர் சந்திக்கும் அவமதிப்பையும் கிளை தன் பிரச்சினையாக எடுத்துக்கொள்ள வேண்டும். துயரம் முற்றினால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் தோழமையே. டெலி மானஸ் இலவச உதவி எண் 14416 ஒவ்வொரு கிளையிலும் தெரிந்திருக்க வேண்டும்.

காலியிடங்களை நிரப்பு, நிரந்தர நியமனம் வழங்கு, கல்விசாராப் பணிகளை நிறுத்து என்ற முழக்கங்கள் தொடர வேண்டும். தன் முதல் ஆண்டில் சங்கத்தைத் துணையாகக் கண்ட ஆசிரியர், அந்த முழக்கங்களைத் தம்முடையவையாக ஏற்பார்; வகுப்பறையிலும் நிமிர்ந்து நிற்பார்.