விருந்தினர் இல்லத் துப்புரவும் நமது நலமும்

(தோட்ட மண்டபம் ஒன்றில் ஆற்றிய உரை)



உல்லாசப் பயணிகள் தங்கும் வீடுகளைப் பற்றி ரப்பர் தோட்டத்து மக்களிடம் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஊழியர் சேமநிதிப் பணத்தைக் கொண்டு தாமானில் வீடு வாங்கி, பிள்ளைகள் வெளியூரில் வாழ்வதால் அவ்வீட்டை வார இறுதி நாள்களில் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. காலையில் பால்மரம் சீவிவிட்டு, பிற்பகலில் போர்ட்டிக்சன் கடற்கரையோர வீடுகளைப் பெருக்கித் துடைக்கச் செல்லும் தாய்மாரும் உள்ளனர். நான் இவ்விரு சாராரிடமும் பேச விரும்புகிறேன். அதிலும் துடைப்பம் பிடிப்பவரிடமே மிகுதியாகப் பேச விரும்புகிறேன்.

பெயரைப் பற்றி ஒரு சொல். பகாங் மாநிலத்துத் தெமர்லோ வட்டாரத்தில், டேசா மூர்னியில், 1995ஆம் ஆண்டு அரசாங்கம் தொடக்கிவைத்த ‘ஹோம்ஸ்டே’ திட்டத்தில், பயணி ஒரு குடும்பத்தாருடனேயே தங்கி, அவர்கள் உண்பதை உண்டு, அவர்கள் வீட்டிலேயே உறங்குவார். இன்று மக்கள் அப்பெயரால் வழங்குவதோ, வீட்டுக்காரர் உடனிராமல் முழு வீட்டையும் இரண்டொரு நாளுக்கு வாடகைக்குத் தருவதை. நான் குறிப்பிடுவது இந்த இரண்டாவது வகையையே. இத்தகைய வீட்டில், சென்றவர் விட்டுப்போன அழுக்கையும் நோயையும் முதலில் எதிர்கொள்பவர் துப்புரவு செய்பவர்தாம்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நமது நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அன்று பூட்டிய வாடகை வீடுகள் பல மாதங்கள் பூட்டியே கிடந்தன. தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொண்டவர்கள் மாநிலம் விட்டு மாநிலம் செல்லலாம் என்ற அனுமதி 2021 அக்டோபர் 11ஆம் நாள் கிடைத்தது. 2022 ஏப்ரல் முதல் நாள் நாட்டின் எல்லைகள் திறக்கப்பட்டன. 2023 மே 5ஆம் நாள், கோவிட்-19 தொடர்பான அனைத்துலக அவசர நிலை முடிவுற்றதாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. கிருமி மறைந்துவிடவில்லை, அவசர நிலைதான் முடிந்தது. அந்த அச்சத்தில் நாம் கற்றுக்கொண்ட துப்புரவுப் பழக்கங்களும் நம்மோடு தங்கிவிட்டன. அவற்றுள் நல்லனவும் உண்டு, பயனற்றனவும் உண்டு, உயிருக்கே ஊறு விளைப்பனவும் உண்டு.

தொடக்கத்தில் அனைவரும் அஞ்சியது பொருள்களைத் தொடுவதற்கே. ஆய்வுக்கூடச் சோதனையில் இக்கிருமி பிளாஸ்டிக்கின்மீதும் எஃகின்மீதும் மூன்று நாள் வரையிலும், அட்டையின்மீது ஒரு நாள் வரையிலும் உயிர்ப்புடன் இருந்ததாக 2020 மார்ச்சில் செய்தி வந்தது. உடனே கதவுப் பிடி, மேசை, நாற்காலி, காலணி என எல்லாவற்றின்மீதும் மருந்து தெளிக்கத் தொடங்கினோம். முதுகில் தெளிப்பான் மாட்டிக்கொண்டு, புகைபோல் மருந்தடித்து, அதைப் படம்பிடித்து விருந்தினருக்குக் காட்டிய வீட்டுக்காரரும் இருந்தனர். காட்சிக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

ஆனால், வீட்டுக்குள் இவ்வாறு தெளிப்பதை வழக்கமாகக் கொள்ள வேண்டாம் என்று 2020 மே மாதத்திலேயே உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. தெளித்த மருந்து நாற்காலியின் அடிப்புறத்தைச் சென்றடைவதில்லை. தெளிப்பவரின் கண்ணையும் மூச்சுக்குழலையும் சென்றடைகிறது. 2021 ஏப்ரலில் அமெரிக்க நாட்டின் நோய்த் தடுப்பு மையம், கிருமி படிந்த பொருளை ஒருமுறை தொடுவதால் நோய் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று மதிப்பிட்டது. அப்படியானால் நோய் எவ்வழியே மிகுதியாகப் பரவியது? மூச்சுக் காற்றின் வழியே.

வீட்டில் சாம்பிராணி போடுகிறோம். தூபக்காலை வெளியே எடுத்துச் சென்ற பின்னும், அடைத்த அறையில் அந்தப் புகை நெடுநேரம் மிதந்துகொண்டிருக்கிறது அல்லவா? நோயுற்றவர் விடும் மூச்சும் அவ்வாறே அறைக்குள் தங்குகிறது. கண்ணுக்குத் தெரியாததும், மணம் இல்லாததுமே வேறுபாடு. விருந்தினர் இரவு முழுவதும் குளிர்சாதனத்தை இயக்கி, சன்னல்களை அடைத்து உறங்கிய அறை அது. சுவரில் மாட்டும் சாதாரண குளிர்சாதனம் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. உள்ளிருக்கும் காற்றையே மீண்டும் மீண்டும் குளிர்வித்துத் தருகிறது. அவர் வெளியேறிய பத்தாவது நிமிடத்தில் துப்புரவு செய்ய உள்ளே நுழையும் பெண்மணி, அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்.

ஆகவே முதல் வேலை வாளியை எடுப்பதன்று. முகக் கவசம் அணிந்துகொண்டு, எல்லாச் சன்னல்களையும் கதவுகளையும் திறந்து, குளிர்சாதனத்தை நிறுத்தி, விசிறியைச் சுழலவிட்டு, அரை மணி நேரமாவது வெளியே இருங்கள். இதற்குக் காசு செலவில்லை. செலவில்லாத காரணத்தாலேயே பலர் இதை ஒரு வேலையாக மதிப்பதில்லை என்று நான் கருதுகிறேன்.

அடுத்தது சோப்பு. இக்கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு நீர் அந்தக் கொழுப்பைக் கரைத்துவிடும்; கிருமி சிதைந்துபோகும். அன்றாடத் துப்புரவுக்குச் சோப்பு நீரும் துணியுமே போதும். நோயுற்றவர் தங்கியிருந்தார் என்று தெரிந்தால் மட்டும், சோப்பால் துடைத்த பிறகு வெளுப்பு நீரால் மீண்டும் துடையுங்கள். கடைகளில் நாம் ‘குளோரோக்ஸ்’ என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். அழுக்கின்மீது நேராக வெளுப்பு நீரை ஊற்றினால், அதன் வலிமை அழுக்கோடு போராடுவதிலேயே தீர்ந்துவிடும். புட்டியில் 5 விழுக்காடு என்று குறித்திருந்தால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லிலிட்டர், அதாவது நான்கு தேக்கரண்டி, போதுமானது. கூடுதலாக ஊற்றினால் கூடுதல் நன்மை என்பது தவறான எண்ணம். குளிர்ந்த நீரில் கலக்க வேண்டும், வெந்நீர் கூடாது. துடைத்த இடம் ஒரு நிமிடத்திற்குக் குறையாமல் ஈரமாக இருக்கட்டும். கலந்த நீர் மறுநாளைக்கு உதவாது, அன்றன்றைக்குக் கலந்துகொள்ளுங்கள்.

இனி நான் சொல்லப்போவது, இந்த உரையில் நீங்கள் வேறெதை மறந்தாலும் மறக்கக் கூடாத செய்தி. மரத்துப் பால் உறைந்துவிடாமல் இருக்க எதைச் சேர்க்கிறோம்? அமோனியா. பாலை உறையவைக்க எதைச் சேர்க்கிறோம்? பார்மிக் அமிலம். மூக்கைத் துளைக்கும் அந்த இரு நெடிகளையும் உங்களைக் காட்டிலும் நன்கறிந்தவர் யார்? வெளுப்பு நீருடன் ஒருபோதும் சேரக் கூடாதவை இந்த இரண்டு இனங்களே. வெளுப்பு நீருடன் அமிலம் கலந்தால் குளோரின் வாயு எழும்பும். அமோனியா கலந்தால் குளோரமின் என்னும் நச்சு வாயு எழும்பும். 1915 ஏப்ரல் 22ஆம் நாள், பெல்ஜியம் நாட்டு ஈப்பர் நகருக்கு அருகே, ஜெர்மானியப் படை எதிரிகளின்மீது காற்றில் அவிழ்த்துவிட்டது இந்தக் குளோரினைத்தான்.

“நாங்கள் ஏன் வாடகை வீட்டுக்குப் பார்மிக் அமிலம் கொண்டுபோகப் போகிறோம்?” என்று கேட்பீர்கள். கொண்டுபோக வேண்டியதில்லை, அமிலம் அங்கேயே காத்திருக்கிறது. கழிவறைக் கறையைப் போக்கும் திரவங்களில் பல அமிலமே. சமையலறையில் இருக்கும் காடியும் அமிலம். கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றில் அமோனியா உண்டு. கழிவறையில் தேங்கிய சிறுநீரிலும் அது உண்டாகிறது. குளியலறை சிறியது. கதவு சாத்தியிருக்கும். கறை போகவில்லையே என்று ஒன்றின்மீது மற்றொன்றை ஊற்றிவிட்டு, குனிந்து தேய்க்கத் தொடங்கும்போதுதான் விபத்து நிகழ்கிறது. கண் எரியும், இருமல் வரும், மார்பு இறுகும். முகக் கவசம் இவ்வாயுவைத் தடுக்காது. அந்நேரத்தில் வாளியைக் காப்பாற்ற எண்ணாதீர்கள். அனைத்தையும் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கண்ணில் எரிச்சல் இருந்தால், ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். மூச்சு முட்டினால் 999க்கு அழையுங்கள். சற்று ஆறுதலாக இருந்தாலும் மருத்துவரைக் காண்பது நன்று. மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் தோன்றக்கூடும்.

தடித்த ரப்பர்க் கையுறை அணிந்து வேலை செய்யுங்கள். பெருந்தொற்றுக் காலத்தில் உலகிற்கு மிகுதியான கையுறைகளை வழங்கிய நாடு நம்முடையது. மருத்துவக் கையுறைகளில் பெரும்பகுதி இன்று செயற்கை ரப்பரால் ஆனது என்றாலும், வீட்டு வேலைக்கான கையுறையில் நமது மரத்தின் பால் இன்னும் இடம்பெறுகிறது. படுக்கை விரிப்புகளை உதறாமல் சுருட்டி எடுத்து, சோப்பிட்டுத் துவைத்து, வெயிலில் நன்கு உலர்த்துங்கள். பூட்டிக்கிடந்த வீடாயின் பூந்தொட்டித் தட்டு, கழிவறைத் தொட்டி, மழைநீர்த் தூம்பு ஆகியவற்றைப் பாருங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் வளர்ந்து பறந்துவிடும்.

இறுதியாக, வீட்டுக்காரர்களிடம் ஒரு கோரிக்கை. நண்பகல் 12 மணிக்கு ஒருவர் வெளியேறி, 3 மணிக்கு மற்றொருவர் வந்தால், மூன்று மணி நேரத்தில் மூன்று அறைகளும் இரண்டு குளியலறைகளும் முடிய வேண்டும். இந்த அவசரத்தில்தான் சன்னல் அடைபட்டே இருக்கிறது. இந்த அவசரத்தில்தான் இரண்டு திரவங்கள் ஒன்று சேர்கின்றன. வருபவரை 5 மணிக்கு வரச் சொல்லுங்கள். சில வெள்ளி குறைந்தாலும் பாதகமில்லை. காற்றோட்டத்திற்காகக் காத்திருக்கும் அரை மணி நேரத்தையும் வேலை நேரமாகக் கருதிக் கூலி கொடுங்கள். கழிவறைத் திரவத்தையும் வெளுப்பு நீரையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். திரவத்தை வேறு புட்டிக்கு மாற்றவும் வேண்டாம். குளிர்பதனப் பெட்டியின் கதவில், மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் ஒரு தாளை ஒட்டிவையுங்கள்: “புறப்படும்போது குளிர்சாதனத்தை நிறுத்தி, கம்பியிட்ட சன்னல்களைத் திறந்துவைத்துச் செல்லுங்கள்.”